மகளை பிளாக்ஸ்பர்க்கில் சேர்க்கப் போகிறோம்: துப்பாக்கி விஷயத்தில் யாரிடம் என்ன கேட்பது?

கோபிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ரிச்மண்டில் பல வருடமாக இருக்கிறோம். மகளுக்கு பிளாக்ஸ்பர்க்கில் இருக்கிற வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் சேர வேண்டும். போன சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். டிரில்ஃபீல்ட் என்று நடுவில் பெரிய புல்வெளி, அதன் ஓரத்தில் பர்ரஸ் ஹால், அதற்கு முன்னால் அரைவட்டமாக 32 கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மகள் ஒன்றின் முன் நின்று, "அப்பா, இது தமிழ்ப் பேர்தானே?" என்றாள்.

ஜி.வி. லோகநாதன். கோபிச்செட்டிபாளையத்தை ஒட்டிய கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். கோவை பிஎஸ்ஜி, கான்பூர் ஐஐடி, அப்புறம் பர்டூ, அங்கிருந்து பிளாக்ஸ்பர்க். 2007 ஏப்ரல் 16 காலை நாரிஸ் ஹாலில் 206ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை அங்கேயே படித்த ஒரு மாணவன் சுட்டுக் கொன்றான். அந்த 32 கற்களும் அன்று அவன் சுட்டு இறந்தவர்களுக்காகத்தான். அந்த ஓர் அறையில் மட்டும் அவரோடு மாணவர்கள் ஒன்பது பேர் போனார்கள். எனக்கும் ஊர் கோபி. அன்று நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன், அம்மா போன் செய்து "நம்ம கரட்டடிபாளையத்துக்காரராம்ப்பா" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அதே துறையில், அதே கல்லூரியில் என் மகள்.

திரும்பி வரும் மூன்றரை மணி நேரமும் வீட்டுக்காரி பேசவில்லை. கடைசியில் "வேற காலேஜ் பார்க்கலாமா?" என்றாள். வேறு கல்லூரி என்றால் எது? பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். கல்லூரியில் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்? மகளிடம் என்ன பேச வேண்டும்?

மழைக்காகம்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். தெரியாமல்தான் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளியில் 1996இல் 16 குழந்தைகளையும் ஆசிரியையையும் சுட்டார்கள், அடுத்த வருடமே பிரிட்டனில் கைத்துப்பாக்கியைத் தடை செய்தார்கள். அதே வருடம் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்ததும் ஆஸ்திரேலியா லட்சக்கணக்கான துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. அமெரிக்காவில் மட்டும் ஏன் முடியவில்லை? இங்கே தேர்தல் அறிவித்தாலே உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

டெக்சாஸ்_தமிழ்:

அது வேறு நாடு, இது வேறு நாடு. இங்கே 1791இலிருந்து அரசியல் சட்டத்திலேயே இருக்கிற உரிமை. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனி மனிதன் வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை என்று சொல்லிவிட்டது, 2022இல் ப்ரூவன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய் வெளியே எடுத்துச் செல்வதும் உரிமை என்றது. அதனால் "தடை செய்" என்று பேசுவதில் யாருக்கும் பயன் இல்லை.

நானும் துப்பாக்கி வைத்திருக்கிறேன். இரண்டு. ஊருக்கு வெளியே இடம், இரவில் ஷெரிஃபைக் கூப்பிட்டால் வந்து சேர இருபது நிமிடம். கோபிக்காரன் சார், உங்கள் பயம் புரிகிறது, எனக்கும் கல்லூரி போகும் பையன் இருக்கிறான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2007இல் வர்ஜீனியா டெக் வளாகத்துக்குள் மாணவர்களோ பேராசிரியர்களோ துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்பது விதி. அந்த விதி யாரைக் காப்பாற்றியது? டெக்சாஸில் 2016 ஆகஸ்டிலிருந்து உரிமம் உள்ளவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் மறைத்து எடுத்துவரலாம். நல்லவன் கையிலும் இருந்தால்தான் கெட்டவனைத் தடுக்க முடியும் என்பது என் கருத்து.

ஈஸ்ட்லான்சிங்_அம்மா:

டெக்சாஸ் தம்பி, அந்தச் சட்டம் அமலுக்கு வந்த தேதி 2016 ஆகஸ்ட் 1. அதற்குச் சரியாக 50 வருடம் முன்னால், 1966 ஆகஸ்ட் 1, ஆஸ்டினில் அதே பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான். தேதி தற்செயலாகவே இருக்கட்டும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

என் பையன் மிச்சிகன் ஸ்டேட்டில் படித்தான். 2023 பிப்ரவரி 13, இரவு எட்டரை. "ரன், ஹைட், ஃபைட்" என்று பல்கலைக்கழகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது, அதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டு "அம்மா போன் பண்ணாதே, சத்தம் கேட்கும்" என்று எழுதினான். நூலகத்தில் மேஜைக்கு அடியில் இருந்தான். கை தானாகப் போன் பண்ணப் போகிறது, என் கையை நானே பிடித்துக்கொண்டேன். பெர்க்கி ஹாலில் ஒரு முறை, அப்புறம் யூனியன் கட்டடத்தில் இன்னொரு முறை. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள், ஐந்து பேர் படுகாயம். வீட்டுக்காரர் போலீஸ் ஸ்கேனரைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், அதில் அங்கே சத்தம், இங்கே சத்தம் என்று வந்துகொண்டே இருந்தது, பாதிக்கு மேல் பொய். நள்ளிரவு தாண்டித்தான் வெளியே வரச் சொன்னார்கள். அந்த நாலு மணி நேரத்தில் பையன் அனுப்பிய செய்திகளை இன்னும் அழிக்கவில்லை. கடைசியில் ஒன்று: "சார்ஜ் 6%".

அங்கே அன்று இருந்த பிள்ளைகளில் சிலர் 2021 நவம்பரில் எங்கள் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் பிழைத்து வந்தவர்கள். 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் சூடு நடந்தபோது அந்த ஊரில் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு பெண்கூட இருந்தாள். இருபத்தொரு வயதில் இரண்டாவது முறை.

சுட்டவனுக்குப் பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை, 43 வயது ஆள். முன்பே அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்து பிடிபட்டவன். பெரிய குற்றமாகத்தான் பதிவானது, அப்புறம் பேரம் பேசிச் சின்னக் குற்றமாகக் குறைத்துக்கொண்டான். அதனால் மறுபடி கடைக்குப் போய் முறைப்படியே வாங்க முடிந்தது. இதைத்தான் நான் விட மாட்டேன். "கெட்டவன்" என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு யாரும் கடைக்கு வருவதில்லை.

டெக்சாஸ்_தமிழ்:

அக்கா, மன்னிக்கவும். இதைப் படிக்கும்வரை உங்களுக்கு இப்படி நடந்தது தெரியாது. பையன் நன்றாக இருக்கிறானா?

ஈஸ்ட்லான்சிங்_அம்மா:

நன்றாக இருக்கிறான் தம்பி. சினிமா தியேட்டரில் மட்டும் கடைசி வரிசையில்தான் உட்காருவான்.

கோபிக்காரன்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த இரண்டு நாளும் வர்ஜீனியா டெக் சூடு பற்றி விசாரிக்க அந்த மாநில ஆளுநர் அமைத்த குழுவின் அறிக்கையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு விவரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. டெக்சாஸ் சார் சொன்னதற்கும் சேர்த்து எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

அங்கே சுட்ட அந்த மாணவன் (பெயர் எழுத விருப்பமில்லை) 2005 கடைசியில் இரண்டு மாணவிகளுக்குத் தொந்தரவு கொடுத்துப் போலீஸ் எச்சரித்திருக்கிறது. செத்துப்போகலாம்போல் இருக்கிறது என்று அறை நண்பனிடம் சொல்ல, ஓர் இரவு மனநல மருத்துவமனையில் வைத்தார்கள். மறுநாள் டிசம்பர் 14, இவன் மனநோயால் தனக்கே உடனடி ஆபத்து என்று நீதிபதி எழுதிவிட்டு, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவு போட்டார். சிகிச்சைக்குப் போனானா என்று யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. அதைவிட முக்கியம், அந்த உத்தரவு இருந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கியே விற்கக் கூடாது. ஆனால் மருத்துவமனையில் அடைத்தவர்களின் பெயரை மட்டும் அனுப்பினால் போதும் என்பது அப்போது வர்ஜீனியாவின் நடைமுறை. வெளிநோயாளி என்பதால் அவன் பெயர் பின்னணிச் சோதனைக் கணினிக்குப் போகவே இல்லை.

2007 பிப்ரவரியில் ஒரு துப்பாக்கி, மார்ச்சில் இன்னொன்று. மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்று வர்ஜீனியாவில் சட்டம், அதை மீறாமல் நாள் கணக்குப் பார்த்துக் காத்திருந்து வாங்கியிருக்கிறான். இரண்டு முறையும் கடையில் படிவம் நிரப்பினான், இரண்டு முறையும் சோதனை நடந்தது, இரண்டு முறையும் தடையில்லை என்று வந்தது. படிவத்தில் கேட்ட கேள்விக்கு அவன் பொய் சொன்னான், அதைப் பொய் என்று காட்டியிருக்க வேண்டிய தகவல் கணினியில் இல்லை.

டெக்சாஸ் சார், கையில் துப்பாக்கி உள்ள நல்லவன் வந்து தடுப்பதற்கு முன்னால், பதினாறு மாதம் முன்னாலேயே தடுத்திருக்க வாய்ப்பு இருந்தது. எழுதப்பட்ட ஒரு காகிதம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. லோகநாதன் சாருடைய கல்லைப் பார்த்துவிட்டு வந்தவனால் இதைச் சும்மா படிக்க முடியவில்லை.

அப்புறம் அன்று காலை. ஏழேகால் மணிக்கு விடுதியில் இரண்டு பேரைச் சுட்டுவிட்டான். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26க்கு. நாரிஸ் ஹாலில் சூடு ஆரம்பித்தது 9:40 வாக்கில். இடையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வழக்கம்போல் வகுப்புக்கு நடந்து போயிருக்கிறார்கள். போலீஸ் தகவல் கிடைத்து மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் மூன்று வாசலையும் உள்ளேயிருந்து சங்கிலி போட்டுக் கட்டியிருந்தான், உடைத்து உள்ளே போக இன்னொரு ஐந்து நிமிடம். மொத்தம் பத்துப் பதினொரு நிமிடம், 174 தோட்டா.

பூட்டு_சாவி:

கட்டடக் கதவு, பூட்டு வேலையில் பதினெட்டு வருடம். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் செய்கிறோம். நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போய்விட்டது சார். நாரிஸ் ஹால் வகுப்பறைக் கதவுகளை உள்ளேயிருந்து பூட்ட வழியே கிடையாது. 205ஆம் அறையில் பிள்ளைகள் பெரிய மேஜையைக் கதவில் முட்டுக் கொடுத்துத் தரையில் படுத்துக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கதவின் வழியாகச் சுட்டும் உள்ளே வர முடியவில்லை, அந்த அறையில் ஒருவருக்கும் காயமில்லை. 204இல் லிவியு லிப்ரெஸ்கு, யூதப் படுகொலையில் தப்பிப் பிழைத்த பெரியவர், தன் உடம்பாலேயே கதவை அடைத்து நின்றார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அவர் செத்துப்போனார். 76 வயது மனிதர் செய்ததை ஒரு பூட்டு செய்திருக்கும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பழைய வகுப்பறைப் பூட்டில் சாவித் துளை வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கும். ஆபத்து வந்தால் ஆசிரியர் கதவைத் திறந்து, வராந்தாவில் கையை நீட்டி, சாவியைத் தேடிப் போட்டுத் திருப்ப வேண்டும். யோசித்துப் பாருங்கள், சூடு நடக்கும் பக்கமே கையை நீட்டி. இப்போது உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினாலோ குமிழைத் திருப்பினாலோ வெளிப்பக்கம் பூட்டிக்கொள்ளும், உள்ளேயிருந்து கைப்பிடியை ஒரு தடவை அழுத்தினால் திறந்துவிடும். தீ விபத்து விதிக்கு அந்த "ஒரு தடவை" கட்டாயம். சாண்டி ஹூக்கில் 26 பேர் இறந்த பிறகு அமைத்த ஆணையமும் எல்லா வகுப்பறையும் உள்ளேயிருந்து பூட்டும்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. சில இடங்களில் குறுக்கே தாழ்க்கட்டை, தரையில் முளை என்று வாங்கி மாட்டுகிறார்கள். தீப்பிடித்தால் அதுவே எமன், கெட்டவன் உள்ளே புகுந்து மாட்டிக்கொண்டால் போலீஸ் நுழைய முடியாது. வேண்டவே வேண்டாம்.

பூட்டு இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்ய வேண்டும். டெக்சாஸில் யூவால்டே பள்ளியில் 2022இல் சூடு நடந்ததே, அங்கே 111ஆம் அறைப் பூட்டு சரியாக விழுவதில்லை என்று முன்பே தெரியும். அன்று 19 குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள். போலீஸ் வராந்தாவில் 77 நிமிடம் நின்றது. டெக்சாஸ் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அன்று அங்கே துப்பாக்கி வைத்திருந்த நல்லவர்கள் முந்நூற்றுக்கும் மேல்.

கோபிக்காரன் சார், கல்லூரிக்குப் போகும்போது மூன்று கதவைக் கையால் தொட்டுப் பாருங்கள்: வகுப்பறை, ஆய்வகம், விடுதி அறை. உள்ளேயிருந்து எப்படிப் பூட்டுவது என்று உங்கள் மகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

டெக்சாஸ்_தமிழ்:

யூவால்டே பற்றிச் சொன்னது சரி. நம் மாநிலத்துக்கே அவமானம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 18 வயது முடிந்த சில நாட்களில் அந்தப் பையன் ரைஃபிள் வாங்கினான். அதற்கு அடுத்த மாதம் அமெரிக்க காங்கிரஸ் போட்ட சட்டத்தில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கூடுதல் சோதனை வைத்தார்கள், அதை நானும் ஆதரித்தேன். பதிவு சரியாகக் கணினியில் ஏற வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என் பயமெல்லாம் 'சிவப்புக் கொடி' சட்டத்தில்தான். யாரோ ஒருவர் புகார் சொன்னதும் நீதிமன்றம் துப்பாக்கியைப் பறிக்கும் என்றால், சண்டை போட்ட மனைவி, பகை உள்ள பக்கத்து வீட்டுக்காரர் என்று தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா?

இரவுநேர_நர்ஸ்:

அவசரப் பிரிவில் இரவுப் பணி செய்கிறேன். மருத்துவமனை எது என்று சொல்ல முடியாது.

சார், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. வர்ஜீனியாவில் 2020 ஜூலையிலிருந்து இருக்கிற சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நேராக நீதிமன்றம் போக முடியாது. போலீஸோ அரசு வழக்கறிஞரோ விசாரித்துவிட்டுத்தான் கேட்க முடியும், முதல் உத்தரவு 14 நாளுக்கு, அதற்குள் சம்பந்தப்பட்டவர் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம். ஃப்ளோரிடா துப்பாக்கிக்காரர்கள் நிறைந்த மாநிலம், பார்க்லாந்துப் பள்ளியில் 2018இல் 17 பேர் போன மூன்றே வாரத்தில் அங்கே குடியரசுக் கட்சி ஆளுநர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த சட்டம்தான் இது. அந்தப் பார்க்லாந்துப் பையனைப் பற்றி ஒருவர் போன் செய்து எஃப்பிஐக்கு எச்சரித்தார், ஒரு மாதத்துக்கு மேல் முன்னாலேயே. அது மியாமி அலுவலகத்துக்கே போய்ச் சேரவில்லை. மறுபடியும் அதே கதைதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. டிவியில் வருவது பள்ளித் துப்பாக்கிச் சூடு. எங்களிடம் இரவில் வருவது பெரும்பாலும் அது இல்லை. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. ஒரு இரவு பதினேழு வயதுப் பையன். அப்பா காரிடாரில் நின்றுகொண்டிருந்தார், கையில் சாவிக்கொத்து. "பெட்டிச் சாவி என்கிட்டதான் இருக்கு, என்கிட்டதான் இருக்கு" என்று திரும்பத் திரும்ப அந்தச் சாவியை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது சாவி சமையலறை அலமாரியில், பையனுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்குப் பணி முடிந்து காரில் உட்கார்ந்தவள், வண்டியைக் கிளப்பவே அரை மணி நேரம் ஆனது.

சீக்ரெட் சர்வீஸ் 2019இல் பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை விட்டது. துப்பாக்கி பயன்படுத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை எடுத்தது பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோதான். ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் சுட்ட பையனைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் சிறையில் இருக்கிறார்கள், 2024இல் தண்டனை. வர்ஜீனியாவிலேயே, நியூபோர்ட் நியூஸில் 2023 ஜனவரியில் ஆறு வயதுக் குழந்தை அம்மாவின் துப்பாக்கியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் ஆசிரியையைச் சுட்டது. ஆறு வயது! ஒரு பூட்டு இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கும் அந்த ஆசிரியைக்கும் வேறு வாழ்க்கை.

கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் பயமுறுத்துகிற பேச்சு வேண்டாம் சார். அறைத் தோழி யாராவது "இனி இருந்து என்ன" என்று பேசினால், பொருட்களைத் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தால், துப்பாக்கிப் பேச்சு எடுத்தால், ரகசியம் என்று வைத்துக்கொள்ளாமல் சொல்லச் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988, யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். வர்ஜீனியா அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் 2008 சட்டப்படி அச்சுறுத்தலை மதிப்பிடும் குழு ஒன்று கட்டாயம் இருக்கிறது, அந்த எண்ணைத் தேடிப் போனில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். 2007இல் அந்த மாணவனைப் பற்றி ஆசிரியருக்கு ஒன்று தெரியும், போலீஸுக்கு ஒன்று தெரியும், விடுதிக்கு ஒன்று தெரியும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

டெக்சாஸ்_தமிழ்:

அந்த அப்பா கையிலிருந்த சாவி என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கும் இரண்டாவது சாவி உண்டு, மேஜை டிராயரில். இன்று எடுத்துவிட்டேன். பெட்டியை எண் பூட்டாக மாற்ற ஆர்டர் போட்டிருக்கிறேன். என் மற்ற கருத்துகள் அப்படியேதான் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்ட்லான்சிங்_அம்மா:

போதும் தம்பி. கருத்து இருக்கட்டும்.

எங்கள் மாநிலத்தில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சட்டம், எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, சிவப்புக் கொடி, மூன்றும் சேர்ந்து 2024 பிப்ரவரி 13 அமலுக்கு வந்தன. அந்த இரவிலிருந்து சரியாக ஒரு வருடம். அந்த மாணவர்கள் லான்சிங் சட்டமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாங்கியது. கோபிக்காரன் சார், வீட்டுக்காரம்மாவிடம் சொல்லுங்கள், வேறு கல்லூரி என்று ஓட வேண்டாம். எந்த ஊரில் என்று ஓடுவது?

மழைக்காகம்:

படித்துக்கொண்டே இருக்கிறேன். என் தங்கை மகன் எஃப்1 விசாவில் வருகிறான். அவன் வாடகைக்கு இருக்கப் போகும் வீட்டில் வேறு யாராவது துப்பாக்கி வைத்திருந்தால் கேட்கலாமா? மரியாதைக்குறைவாக இருக்குமா?

பூட்டு_சாவி:

தாராளமாகக் கேட்கலாம். நாய் இருக்கிறதா, பூனை இருக்கிறதா என்று கேட்பதில்லையா? அதே குரலில் கேளுங்கள்.

கோபிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மகள் பிளாக்ஸ்பர்க்தான் போகிறாள், முடிவாகிவிட்டது. வீட்டுக்காரி இன்னும் முழு மனதாக இல்லை, ஆனால் கதவு மூன்றையும் தானே தொட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சின்னவன் ஏழாம் வகுப்பு, எதிர்வீட்டுப் பையனோடு வாரம் ஒரு இரவாவது அங்கேயே தங்குவான். நாலு வருடமாகப் பழக்கம், ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்று அவனைக் கொண்டுபோய் விடும்போது வாசலில் நின்றபடியே அந்த வீட்டுக்காரரிடம், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். என் குரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது. அவர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. அப்புறம், ஒன்று இருக்கிறது, கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில், பூட்டவில்லை என்றார். இத்தனை நாள் யாருமே தன்னிடம் கேட்டதில்லை என்றார். பிள்ளைகள் இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். எட்டரை மணிக்குத் திரும்பி வந்து கையில் இருந்த பெட்டியை வெளிவிளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார்.